சர்வேயர் வரும்வரை மெத்தையைத் தூக்கிப் போடாதீர்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருமுனைகளில் ஊறிப்போன மெத்தைகளும் உப்பிப்போன பிளைவுட் அலமாரிகளும் குவிந்து கிடந்தன. நாற்றம் தாங்காமல் வெளியே போட்டவைதான். ஆனால் வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தவர் அப்படிப் போட்டிருந்தால், இழப்புக்கான சாட்சியும் குப்பை லாரியில் ஏறிப் போயிருக்கும்.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், கண்ணால் பார்ப்பதையும் கையில் கொடுக்கும் காகிதத்தையும் வைத்துத்தான் அறிக்கை எழுதுவார். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே போட்டுவைக்கவும் கூடாது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் பொறுப்பு. ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாய் போடாமல் விட்டு, அடுத்த மழையில் டிவியும் நனைந்தால், அதற்குப் பணம் கேட்கும்போது கேள்வி வரும். தார்ப்பாய் கட்டலாம், தண்ணீரை இறைக்கலாம். ஆன செலவுக்குப் பில் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சு வேலையும் பெயின்ட்டும் சர்வேயர் பார்த்த பிறகுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அடுத்து கையில் எடுக்க வேண்டியது செல்போன், துடைப்பம் அல்ல. வாசலில் தொடங்கி அறை அறையாக ஒரே வீடியோ. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் இன்ச் டேப்பைப் பிடித்து ஒரு படம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் கிட்டத்தில் எடுங்கள். கெட்டுப்போன பொருளை மொட்டை மாடியில் போட்டுவையுங்கள்; காயலான் கடைக்காரர் நல்ல விலை சொன்னாலும் அவசரப்பட வேண்டாம்.

பில்கள் வெள்ளத்தோடு போயிருந்தால் வங்கிக் கணக்கு விவரம், ஆன்லைன் ஆர்டர் மின்னஞ்சல், கடைக்காரரிடம் இருக்கும் நகல் ஆகியவை உதவும். வீட்டு விசேஷத்தில் எடுத்த போட்டோவில் பின்னால் தெரியும் டிவியும்கூட ஒரு சான்றுதான்.

நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லி, க்ளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில், சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் க்ளைம் படிவம் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் அதில் அடங்கும். நகைக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். பூட்டிவிட்டு வெளியேறிய வீட்டில், வெள்ளத்தைச் சாக்கிட்டு 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதுவும் சேரும். போலீஸ் புகார் கட்டாயம்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வங்கியில் கையெழுத்துப் போட்டது பல நேரம் கடனாளியின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். சுவர் விழுந்தால் அதில் ஒரு பைசா வராது.

சர்வேயருக்கான கட்டணம் நிறுவனத்தின் செலவு. உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொகை குறைவாகத் தெரிந்தால் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.