யார் தகவமைய வேண்டும்?

1992இல் ரியோவில் முன்வைக்கப்பட்ட காலநிலை உடன்படிக்கையின் அடிப்படை இது: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் அல்ல. அதிகம் புகை கக்கியவன் அதிகம் சுமக்கட்டும். இந்திய அரசு உலக மேடைகளில் இதை விடாமல் பேசுகிறது, நியாயந்தான். நாட்டு எல்லைக்குள் வந்ததும் இந்த நியாயம் எங்கே போகிறது என்பதே என் கேள்வி.

சிங்காநல்லூர்க் குளத்தங்கரையிலிருந்து கேட்கிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. மறுபுறம், ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும்; பெய்தால் கொட்டித் தீர்க்கும். இரண்டையும் தாங்கத்தான் நொய்யல் தண்ணீர் குளத்துக்குக் குளம் வழிந்தோடும்படி முன்னோர் வாய்க்கால் வெட்டி வைத்தார்கள். இன்று சங்கனூர்ப் பள்ளத்தில் வருவது பெரும்பாலும் சாக்கடை.

2008இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. 2022இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம். இரண்டிலும் 'தகவமைப்பு' பேசப்படுகிறது. தகவமைவது யார்? குளங்களை மீட்பதாகச் சொல்லிக் கோவையின் குளக்கரைக் குடிசைகளை அகற்றினார்கள். குளக்கரையில் வீடிருந்தால் வெள்ளம் புகும், மறுக்கவில்லை. ஆனால் வாலாங்குளத்தின் நடுவே ஓடும் உக்கடம்–சுங்கம் பைபாஸ் ரோட்டை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. குடிசைக்காரர்கள் கீரணத்தம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கரைக்கு ஸ்மார்ட் சிட்டி நடைபாதை வந்தது.

அப்படிப் போனவர்களில் ஒருவர், கட்டட வேலை பார்க்கும் அக்கா, சொன்னார்: "மேல்மாடி ஊடு அனலாக் கொதிக்குதுங்க. கொளத்து மேட்டுல காத்தாச்சும் வந்துச்சு. இப்ப வேலைக்கு ரெண்டு பஸ்ஸு மாறோணுங்." ஏசியும் காரும் இல்லாத அவர் எந்தப் புகைக்குக் கணக்குத் தீர்க்கிறார்?