சாய டப்பாவில் இல்லாத அமீன்

விரிஞ்சிபுரம் என்றால் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலும், உள்ளே இருக்கிற நேரம் காட்டும் கல்லும்தான் பலருக்கு நினைவு வரும். போன முறை அந்தக் கல்லைப் பார்க்கப் போயிருந்தபோது, வெளியே டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேச்சு வந்தது. ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் சாய டிரம்மில் முப்பது வருஷம் நின்றவர்.

"கறுப்புச் சாயம் கையில ஒட்டுனா சோப்புக்கெல்லாம் போகாது தம்பி. ஹைட்ரோஸ் கலக்குன தண்ணியில கைய வெச்சா ஒரு நிமிஷத்துல வெளுத்துடும்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வேதியியல். அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் இருக்கின்றன. அந்த ஹைட்ரஜன்களில் ஒன்றையோ பலவற்றையோ எடுத்துவிட்டுக் கரிமத் தொகுதியை வைத்தால் அது அமீன். கெட்டுப்போன மீனின் நாற்றம்கூட அமீன்தான். எல்லா அமீனும் ஆபத்தானது கிடையாது. பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய அமீன்களில் சிலவற்றைத்தான் பார்த்து பயப்பட வேண்டும். அவற்றில் பேர் போனது பென்சிடின்: இரண்டு பென்சீன் வளையம், இரு முனையிலும் ஒரு அமீன். பார்க்க வெளிர்ந்த படிகப் பொடி, காற்றும் வெளிச்சமும் பட்டால் கறுக்கும். சுமார் 128 டிகிரி செல்சியஸில் உருகும். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

சாயத் தொழிலுக்கு பென்சிடின் ஒரு காலத்தில் வரப்பிரசாதம். இரண்டு முனையிலும் வேறு மூலக்கூறுகளை இரட்டை நைட்ரஜன் பிணைப்பால் கோத்தால் அழுத்தமான நிறம் கிடைக்கும். இந்தப் பிணைப்புக்குப் பெயர் அசோ. 1884இல் வந்த காங்கோ சிவப்பு இப்படிப் பிறந்ததுதான். துணிக்கும் தோலுக்கும் உலகமெங்கும் ஓடிய டைரக்ட் பிளாக் 38 என்ற கறுப்பும் அப்படியே.

சிக்கல் என்னவென்றால், கோத்ததைப் பிரிக்கவும் முடியும். நம் குடலில் இருக்கிற பாக்டீரியாவும் கல்லீரலில் உள்ள நொதிகளும் அசோ பிணைப்பை வெட்டுகின்றன. டப்பாவில் இருந்தது சாயம். உடம்புக்குள் போனதும் பழைய பென்சிடின் வெளியே வருகிறது. ஜிப் கோப்பைத் திறப்பது மாதிரி. மூலக்கூறு எடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 கிலோ சுத்தமான டைரக்ட் பிளாக் 38 முழுசாக உடைந்தால் கிட்டத்தட்ட 235 கிராம் பென்சிடின். டப்பா மேல் 'பென்சிடின்' என்று எழுதியிருக்காது, ஆனால் உள்ளே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒளிந்திருக்கிறது.

அது என்ன செய்யும்? கல்லீரல் அதை மாற்றிச் சிறுநீருக்கு அனுப்புகிறது. சிறுநீர் தங்கும் இடத்தில், அதாவது சிறுநீர்ப்பையின் உட்சுவரில், மரபணுவைக் கெடுக்கிறது. சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை ஃபிராங்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895லேயே பதிவு செய்தார். இன்று பென்சிடினையும், உடம்பில் பென்சிடினாக மாறும் சாயங்களையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதி என்று அர்த்தம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இந்தியா 1993இல் 42 பென்சிடின் சாயங்களையும், 1997இல் மேலும் 70 அசோ சாயங்களையும் கையாளத் தடை போட்டது. நடுவில், 1994இல், நம் தோலை நிறைய வாங்கும் ஜெர்மனி இப்படிப்பட்ட சாயங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 22 அமீன்களுக்கு ஒரே விதி வந்தது: 1 கிலோ தோலில் எந்த அமீனும் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அதை எப்படிச் சோதிக்கிறார்கள்? தோலைத் துண்டுதுண்டாக நறுக்கி, 70 டிகிரி சூட்டில் சோடியம் டைதயோனைட் சேர்க்கிறார்கள். அது அசோ பிணைப்பை வெட்டும். வெளியே வருகிற அமீனை அளக்கிறார்கள்.

சோடியம் டைதயோனைட்டுக்குப் பட்டறைப் பெயர்தான் ஹைட்ரோஸ்!

ஆய்வகம் எந்த மருந்தைப் போட்டு சாயத்திலிருந்து அமீனைப் பிடுங்குகிறதோ, அதே மருந்தில் பெரியவர் கை கழுவியிருக்கிறார். கை வெளுத்தது உண்மை. கறை போய்விட்டது என்று நினைத்தார். அவர் தொட்டது பென்சிடின் சாயமாக இருந்திருந்தால், கண்ணுக்குத் தெரிந்த சாயம் கண்ணுக்குத் தெரியாத, தோலில் ஊறும் அமீனாக மாறியிருக்கும். எந்தச் சாயம் என்று அவருக்குத் தெரியாது. டப்பா நம்பரை யாரும் பார்க்கச் சொன்னதில்லையாம்.

இன்று சாயத்தைக் கையாளுகிறவர்களுக்கு நான் படித்ததிலிருந்து சில விஷயங்கள்:

டப்பாவிலும் பாதுகாப்புத் தாளிலும் சி.ஐ. எண்ணைப் பாருங்கள். டைரக்ட் பிளாக் 38க்கு அது 30235. எண்ணே இல்லாத மலிவுச் சாயத்தைத் தொடாதீர்கள்.

பெரிய எதிரி தூசிதான். எடை போடும்போதும் டிரம்மில் கொட்டும்போதும்தான் அது பறக்கும். பொடிக்குப் பதில் திரவமோ குருணையோ கிடைத்தால் நல்லது. எடை போடும் இடத்தில் தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மூக்கில் துண்டு கட்டுவது போதாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் தூசி முகமூடி வேண்டும். கிழியாத கையுறை போடுங்கள். கை கழுவாமல் சாப்பாடும் பீடியும் கூடாது. வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

கையில் சாயம் பட்டால் உடனே சோப்பும் தண்ணீரும். மிச்சக் கறை நாலு நாள் இருந்தால் இருக்கட்டும். ஹைட்ரோஸ், பிளீச்சிங் பவுடர் இரண்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்த நோய் பல நேரம் 20 வருஷம், அதற்கும் மேல் கழித்துத்தான் தலைகாட்டும். தடைக்கு முன்னால் டிரம் பக்கம் நின்றவர்களுக்கு இப்போது வயது ஐம்பது, அறுபது, எழுபது. ஏற்றுமதியாகும் தோலுக்குச் சோதனைச் சான்று உண்டு. அதற்குச் சாயம் ஏற்றிய கைக்கு அப்படி எதுவும் கிடையாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும், டாக்டரிடம் போக வேண்டும். போனதும் அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டியது: "நான் சாய டிரம்மில் வேலை பார்த்தவன்." சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய நோய் இது.

அடுத்த முறை விரிஞ்சிபுரம் போகும்போது அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து இதைச் சொல்ல வேண்டும். கல்லைப் பார்ப்பது அப்புறம்.