உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு

◆ உலகத்திலேயே பெரிய குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை என்று கின்னஸ் ஏட்டில் ஏறியது சென்னையில் விரிக்கப்பட்டது. 2016 ஜனவரி 31 அன்று அளந்தபோது அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒன்றரைக் கால்பந்துத் திடலை மூடிவிடும். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பின்னி, ஒன்றாகச் சேர்த்தார்கள். சாதனை முடிந்ததும் அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சாதனையை விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. மறு ஆண்டே அதே குழு 14 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கழுத்துத் துண்டு ஒன்றைப் பின்னியது. நம் பேராக்கின் ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ ரயில் நிலையம் போய்த் திரும்பும் அளவு நீளம்!

◆ தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலருக்கு ரேடியோப் பெட்டி மேல் விரித்திருந்த வெள்ளைப் பின்னல் துணி நினைவிருக்கும். சோபா முதுகில் போடும் துணியும் அதன் உடன்பிறப்புதான். அந்தச் சோபாத் துணிக்குப் பின்னால் நம் வட்டாரத்துத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆண்கள் ‘மக்காசர் எண்ணெய்’ என்று விற்ற தலை எண்ணெயை வழிய வழியப் பூசிக்கொண்டார்கள். மக்காசர், இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள ஊர். எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து நாற்காலி முதுகெல்லாம் கறை. கழற்றித் துவைக்கத் தோதாக வீட்டுப் பெண்கள் அங்கே ஒரு பின்னல் துணியைப் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு சோபாவில் சாயும் நம் வீடுகளில் அது நிலைத்ததற்குக் காரணம் சொல்லவா வேண்டும்?

◆ ஒரே ஊசி. ஒரே ஒரு உயிர்க்கண்ணி. குரோஷேவின் வசதி முழுவதும் இதில்தான். இரண்டு ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் வேலையில் வரிசை முழுக்கக் கண்ணிகள் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் பலவும் அவிழும். குரோஷேவில் அந்த நேரத்தில் ஊசியில் இருக்கும் ஒரு கண்ணி மட்டும்தான் திறந்திருக்கும். அடுப்பில் பால் பொங்குகிறதா? கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்து விட்டுவிட்டு எழுந்து போகலாம். பேரன் நூலைப் பிடித்து இழுத்தாலும் அவிழ்ந்ததை ஐந்து நிமிடத்தில் பின்னிவிடலாம். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தை வீணாக்காத பொழுதுபோக்கு இது.

◆ நம் ஊர் வெயிலுக்கு எந்த நூல்? பருத்திதான். ஈப்போவில் பகலில் 32, 33 டிகிரி. அக்ரிலிக் நூல் பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பைக்கும் பொம்மைக்கும் தோரணத்துக்கும் அது போதும். உடம்பில் போடுவதற்கும் குழந்தைச் சாமானுக்கும் பருத்தியை எடுங்கள். மலேசியாவில் ‘மில்க் காட்டன்’ என்று விற்கும் மெத்தென்ற நூல் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. சீட்டைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

சமையலறைக்கு மட்டும் இதில் சமரசம் வேண்டாம். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் வகை. சூட்டில் இளகும், உருகும். தோசைக்கல்லைப் பிடிக்க, குக்கரை இறக்கி வைக்க, நூறு சதவீதப் பருத்தி நூலில் இரண்டு அடுக்காகப் பின்னிய துணிதான் வேண்டும். நாலு மில்லிமீட்டர் ஊசியில், கண்ணிகளை நெருக்கிப் பின்னுங்கள். இடைவெளி விட்டுப் பின்னினால் ஓட்டை வழியே சூடு விரலைத் தொட்டுவிடும். ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது. பின்னல் துணிக்கும் அதே விதிதான்.

◆ ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஆனாலும் இரண்டு கண்டும் ஒட்டவில்லையே என்று குழம்பியிருக்கிறீர்களா? சாயத் தொட்டி மாறியிருக்கும். நூல்கண்டுச் சீட்டில் ‘லாட்’ எண் என்று ஒன்று இருக்கும். பெரிய வேலைக்கு வாங்கும்போது எல்லாக் கண்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை உபரியாகவே வாங்கிவிடுங்கள்.

◆ அமெரிக்கக் குறிப்பில் ‘சிங்கிள் குரோஷே’ என்றால், இங்கிலாந்துக் குறிப்பில் அதுவே ‘டபுள் குரோஷே’. அமெரிக்க ‘டபுள்’, இங்கிலாந்தில் ‘டிரெபிள்’. நம் கைக்கு இரண்டு நாட்டுப் புத்தகமும் வரும், வீடியோவும் வரும். எந்த நாட்டு வழக்கு என்று முதலிலேயே பார்க்காவிட்டால் தொப்பி அளவு தப்பிப் போகும்.

◆ வெளிநாடுகளில் ‘வெப்பநிலைப் போர்வை’ என்று ஒரு பழக்கம் உண்டு. நாளுக்கு ஒரு வரிசை. அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற நிறம். பனிக்கு நீலம், கோடைக்குச் சிவப்பு. ஆண்டு முடிவில் நான்கு பருவமும் போர்வையில் தெரியும். ஜெலாப்பாங்கில் அதைப் பின்னினால் ஆண்டு முழுக்க ஒரே நிறம்தான் வரும். நாம் மழையை வைத்துப் பின்னலாம். மழை இல்லாத நாளுக்கு மஞ்சள், சாயங்காலத் தூறலுக்கு வெளிர் நீலம், கூரையே அதிரும்படி கொட்டிய நாளுக்கு மயில் கழுத்து நீலம். ஆண்டுக் கடைசியில் எந்த மாதம் துணி காயாமல் கஷ்டப்பட்டோம் என்பது வரி வரியாகத் தெரியும்.

◆ எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று தடுமாறுகிறவர்கள் அலமாரியைத் திறந்தால் போதும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி, வெந்தய நிறத்துக்குக் கரும்பச்சை என்று உடலையும் கரையையும் சேர்த்து வைத்தவர்கள் நம் நெசவாளர்கள். ஒரு பட்டுச்சேலையின் உடல் நிறத்தை நடுவிலும் கரை நிறத்தைக் கடைசிச் சுற்றிலும் வைத்துச் சதுரம் பின்னிப் பாருங்கள். தப்பாது.

◆ அந்தச் சதுரம், ‘கிரானி ஸ்கொயர்’. மிச்ச நூலைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தது. 1885இல் அமெரிக்காவின் ‘பிரேரி ஃபார்மர்’ என்ற விவசாய இதழில் இதன் முறை அச்சானது. நாலு சங்கிலி போட்டு வளையமாக்கி, அதற்குள் மும்மூன்று கண்ணியாக நாலு கொத்து. மூலைக்கு மூலை இரண்டு சங்கிலி. இவ்வளவுதான் முதல் சுற்று. பள்ளி விடுமுறையில் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

◆ கணக்கு வாத்தியார்கள் நூறாண்டுக்கு மேல் காகிதத்தோடு போராடிய வடிவத்தை ஒரு குரோஷே ஊசி முடித்து வைத்தது. ‘ஹைப்பர்பாலிக்’ தளம் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரே புள்ளி வழியாக, அந்தக் கோட்டைத் தொடாத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும். காகிதத்தில் ஒட்டிச் செய்தால் கிழிந்துவிடும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய லாட்வியா நாட்டுக் கணித அறிஞர் டைனா டைமினா, 1997இல் நூலை எடுத்தார். வழி மிக எளிது: ஒவ்வொரு வரிசையிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால், நாலைந்து வரிசையிலேயே ஓரம் தட்டையாக இருக்க மறுத்துக் கோழிக்கொண்டைப் பூ மாதிரி நெளியத் தொடங்கும். மாணவர்கள் அதைக் கையில் மடித்து, கோட்டைத் தைத்துப் பார்த்துப் படித்தார்கள். அவருடைய புத்தகத்துக்கு 2012இல் ஆய்லர் பரிசு கிடைத்தது. பிரிஸ்பேனில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் இதே முறையில் 2005 முதல் பவளப்பாறைகளைப் பின்னுகிறார்கள். பல நாட்டுப் பெண்கள் அதில் கைகோத்திருக்கிறார்கள். பவளப்பாறை, கடல் பாசி, கீரை இலையின் சுருள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வளர்கின்றன.

◆ பின்னினால் மனசு லேசாகிறது என்று பெண்கள் சொல்வதை ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. 2020இல் வெளியான அந்த ஆய்வில் 8,000க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். குரோஷே பின்னும்போது மனம் அமைதியாகிறது என்றவர்கள் 89.5 சதவீதம்; மகிழ்ச்சி கூடுகிறது என்றவர்கள் 82 சதவீதம். பின்னுகிறவர்களே தம்மைப் பற்றிச் சொன்னது இது; மருந்துக்குப் பதில் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பிள்ளைகள் வேலைக்கென்று கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீட்டில், மாலை நேரத்தைக் கடக்க இது எவ்வளவு உதவும் என்பதை அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

◆ குறைமாதக் குழந்தைக்கு ஆக்டோபஸ் பொம்மை! 2013இல் டென்மார்க்கில் தொடங்கியது. சுருண்ட கால்கள் தொப்புள்கொடி போல இருப்பதால் குழந்தை அவற்றைப் பிடித்துக்கொள்ளும், மூக்குக் குழாயைப் பிடுங்காது என்பது நம்பிக்கை. முழுப் பருத்தி, வெந்நீர்ச் சலவையைத் தாங்கும் நிறம், இழுத்து அளந்தாலும் 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளாத கால் என்று விதிகள் உண்டு. செய்ய நினைப்பவர்கள் மருத்துவமனையில் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.

◆ பினாங்குத் துறையில் இறங்கிப் பேராக்கின் தோட்டங்களுக்கு வந்தவர்களில் தென்தமிழகத்தாரும் உண்டு. அதே தென்பாண்டிச் சீமையில், 1880களில், பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை ஓடத் தொடங்கியது. பின்னால் மதுரையிலும் ஆலை வந்தது. 1974இல் ‘மதுரா கோட்ஸ்’ ஆனது. தையல் பெட்டியில் கிடக்கும் ‘ஆங்கர்’ நூலோடு சேர்ந்து வரும் பெயர் அது.

அந்த ஆலை நூலுக்கு முன்பே பின்னல் வந்துவிட்டது. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்து மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். லேஸும் கூடவே போனது. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது, குரோஷே அல்ல. ஆனால் கையில் காசு என்பதையே கண்டிராத பெண்களுக்கு, நூல் வேலையால் கூலி கிடைக்கும் என்று அங்கே காட்டியது அது.

◆ கடையில் தொங்கும் ஸ்வெட்டரை மெஷின் பின்னுகிறது. குரோஷேவைத் தொழிற்சாலை அளவில் பின்னித் தள்ளும் மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. பார்வைக்கு அதுபோலவே இருக்கும் மெஷின் துணி உண்டு. அதன் பின்னல் வேறு. அசல் குரோஷே என்றால் எங்கே விற்றாலும், என்ன விலைக்கு விற்றாலும், ஒரு மனிதக் கை பின்னியது.

ஆந்திராவின் நர்சாபூரில் இதைப் பின்னும் பெண்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் புத்தகம் எழுதினார். ஏற்றுமதிக்காக நாள் முழுக்கப் பின்னியவர்களை ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள், பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்’ என்று சொல்லியே மிகச் சொற்பக் கூலி கொடுத்தார்கள் என்று அதில் விவரமாகக் காட்டினார். 2024இல்தான் நர்சாபூர் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நமக்காகப் பின்னினால் அது பொழுதுபோக்கு; விற்கப் பின்னினால் அது வேலை. தீபாவளிக்கு முன் ஈப்போ லிட்டில் இந்தியாவிலோ, பக்கத்துத் தாமானில் மடக்கு மேசை போட்டோ ஒரு அக்கா தன் கையால் பின்னிய பையை விற்றால், பேரம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அந்த முறையைச் சொல்லித் தருவீர்களா என்றும் கேளுங்கள்.