பேட்டரி ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர்ப் பக்கம் எந்த அலுவலகத்து வண்டிக் கொட்டகையில் எட்டிப் பார்த்தாலும், பெட்ரோல் வண்டிகளுக்கு நடுவே பேட்டரி ஸ்கூட்டர்களும் நிற்பதை இப்போது காணலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு இன்னமும் எல்லாம் சித்தூர் ஜில்லாதான். இந்த ஜில்லாவுக்குப் பேட்டரி புதிய சரக்கு அல்ல. 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் கரகம்பாடியில் வளர்ந்தது. 2022 அக்டோபரில் அறிமுகமான ஹீரோ கம்பெனியின் விடா ஸ்கூட்டர் சத்தியவேடு வட்டாரத்துத் தொழிற்சாலையில் தயாராகிறது. 2022 செப்டம்பரிலிருந்து திருமலை மலைப்பாதையில் அரசு மின்சார பஸ்களும் ஓடுகின்றன.

ஆகவே வண்டி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. வேலை செய்யும் இடத்தில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டுமே என் கவலை.

கவலைக்குக் காரணம் உண்டு. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில், 2022 மார்ச் மாதம், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்துத் தகப்பனாரும் மகளும் இறந்தார்கள். தீ அவர்களைத் தொடவில்லை, புகை கொன்றுவிட்டது. அடுத்த மாதமே விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் போட்டிருந்த புதுப் பேட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி செகந்திராபாதில், கீழே மின் ஸ்கூட்டர் விற்பனைக் கூடமும் மேலே லாட்ஜும் இருந்த கட்டிடத்தில் தீ ஏற்பட்டு எட்டுப் பேர் மாண்டனர். அங்கும் மாடிப்படி வழியாக ஏறிய புகைதான் எமன். தங்கியிருந்தவர்களுக்கும் கீழே நின்ற வண்டிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ரயில்வே பணிமனைகளில் பேட்டரி வண்டி பல ஆண்டுகளாக உண்டு. சாமான் ஏற்றிச் செல்லும் பேட்டரி டிரக்கைப் பிளாட்பாரத்திலும் பார்த்திருப்பீர்கள். அவை ஈய–அமிலப் பேட்டரிகள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் சார்ஜ் போடத் தனி அறை, மேலே காற்றுப் போக்கி, பீடி சிகரெட்டுக்குத் தடை, ஒரு பொறுப்பாளி என்று எல்லாம் வகுத்து வைத்திருந்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில் அந்த டிரக் சத்தமில்லாமல் பின்னால் வந்து கலாசி ஒருவரின் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் டிரக்குக்கு மணி கட்டினார்கள். ஸ்கூட்டருக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆஸ்பத்திரி வளாகத்திலோ யூனிவர்சிட்டி வளாகத்திலோ பேசிக்கொண்டே நடப்பவர்களுக்குப் பின்னால் வருவது காதில் விழாது. வளாகத்துக்குள் நடக்கிற வேகத்துக்குச் சற்றே அதிகமாக ஓட்டினால் போதும்; திருப்பங்களில் ஹாரன் அடிக்க வெட்கப்பட வேண்டாம்.

ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் பேட்டரி. இதில் ஹைட்ரஜன் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. உள்ளே நூற்றுக்கணக்கில் சிறு செல்கள் அடுக்கியிருக்கும். ஒரு செல் அடிபட்டோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஆகியோ, உள்ளுக்குள் ஷார்ட் ஆகியோ சூடேறினால், அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு பக்கத்துச் செல், அதற்கடுத்த செல் என்று தொற்றிக்கொண்டே போகும். சாதாரண பவுடர் சிலிண்டர் மேலே எரியும் ஜுவாலையை அடக்கலாமே ஒழிய, உள்ளே நடப்பதை நிறுத்தாது. ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்க வேண்டும். அணைந்தது என்று நினைத்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு. ஆகையால் ஆபீஸ் சிப்பந்தி செய்ய வேண்டியது வீர சாகசம் அல்ல. மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101-க்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் புகை விஷம். அதில் நுழைந்து ஸ்கூட்டரை மீட்டு வரவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

2022-ல் நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு இரு சக்கர மின் வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியை இறுக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் அமலுக்கு வந்தன. அதற்குப் பின் தயாரான வண்டியா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. செகண்ட் ஹாண்டில் வாங்குவோர் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும்.

வண்டி நன்றாக இருந்தாலும் சுவரில் உள்ள பிளக் நன்றாக இருக்க வேண்டுமே! சென்ற ஆண்டு திருப்பதியில் ஓர் அலுவலகத்தார் என்னை அழைத்துக் காட்டினார்கள். கொட்டகையில் ஒரே பிளக். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்தப் பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ், ஆறு வண்டிகள். சார்ஜர் ஒன்று சுமார் 750 வாட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்டில் மூன்றேகால் ஆம்பியர். ஆறுக்குக் கிட்டத்தட்ட இருபது ஆம்பியர். அந்தப் பாக்ஸ் ஆறு ஆம்பியருக்குச் செய்தது. மிக்ஸியைப் போல ஐந்து நிமிடம் ஓடி நிற்கிற சமாசாரமும் அல்ல. நாலைந்து மணி நேரம் தொடர்ந்து ஓடும். பிளக் முள் தளர்ந்திருந்தால் அந்த இடம் முதலில் சுடும், பிறகு கருகும். தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

மேலதிகாரி உடனே, "அப்படியானால் நாளையிலிருந்து யாரும் இங்கே சார்ஜ் போடக் கூடாது என்று சர்குலர் விட்டுவிடுகிறேன்" என்றார். வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே கான்டிராக்டில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர், சந்திரகிரிக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து விடியற்காலையில், பஸ் வருமுன்பே, தவணையில் வாங்கிய வண்டியில் வருகிறார். ஊரில் சாயங்காலம் கரண்டு நிச்சயமில்லை. இங்கே சார்ஜ் போடாவிட்டால் திரும்பிப் போக முடியாது; வேலையை விட வேண்டியதுதான். தடை போட்டால் மற்றவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டு மேலே கொண்டுபோய் மேஜைக்கடியில், ஃபைல் கட்டுகளுக்குப் பக்கத்தில் சொருகுவார்கள். கொட்டகையில் இருக்கும் ஆபத்தை மாடிக்கு, அதுவும் மாடிப்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அந்த சர்குலரின் பலன்.

முறையாகச் செய்வதற்குப் பெரிய செலவும் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2019-ல் தன் பாதுகாப்பு விதிகளில் மின் வண்டி சார்ஜிங்குக்கென்று ஓர் அத்தியாயமே சேர்த்தது. எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், வண்டியின் சார்ஜிங் முனை சாக்கெட்டிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்க வேண்டும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனம் வேண்டும் என்பவை அதில் உள்ளவை. எலக்ட்ரீஷியனிடம் நான் சொன்னதும் இதுதான்: மெயின் போர்டிலிருந்து தனி கேபிள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், தனித்தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். எர்த் இல்லாத சாக்கெட்டை நான் சாக்கெட் என்றே ஒப்புக்கொள்வதில்லை. கொட்டகை கட்டிடத்தின் வாசலை ஒட்டியும் மாடிப்படியின் கீழும் இருக்கக் கூடாது. ஜெனரேட்டர் டீசல் டிரம்மைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதை அன்றைக்கே நகர்த்தச் சொன்னேன். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. அந்த அம்மா இப்போது காலை பத்து மணிக்கு மேல், வண்டி ஆறிய பிறகு, சார்ஜ் போடுகிறார்.

ஆறிய பிறகு என்பது முக்கியம். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டியின் பேட்டரி, ஓடாமலே சூடாகிவிடும். ஓடி வந்ததும் அரை மணி நேரமாவது நிழலில் விட்டுப் பிறகு சொருகவும். இரவு முழுக்கச் சொருகிவிட்டு வாட்ச்மேனை நம்பிப் போவது வேண்டாம். ஆள் நடமாடும் பகலில் போடுவதே மேல்.

திருமலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலை சுமார் 700 மீட்டர் ஏற்றம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், அந்த உயரத்துக்கு ஏற மட்டும் யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரம் வேண்டும். மோட்டாரின் நஷ்டமும் சாலையின் இழுவையும் அதற்கு மேல். பேட்டரி சுட்டுத்தான் மேலே வரும். மேலே போய் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குவதும் சரியல்ல. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அது வாங்கிக்கொள்ளாது. சுமை முழுக்கச் சக்கரத்து பிரேக்குக்குப் போய்விடும். அத்தனை வளைவுகளில் அது சூடேறினால் பிடிப்புக் குறையும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்கலாம்.

வீங்கிய பேட்டரி, கீழே விழுந்து அடிபட்டது, மழை வெள்ளத்தில் மூழ்கியது, இவற்றைச் சார்ஜ் போடவே கூடாது. திறந்த வெளியில், கட்டிடத்தை விட்டுத் தள்ளி வைத்துக் கம்பெனி சர்வீஸ் ஆளை அழைக்கவும். குறைந்த விலைக்குப் பழைய செல்களைப் பிரித்து அடுக்கித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் நம் ஊர்களிலும் முளைத்திருக்கின்றன. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது. காயலான் கடையில் எடைக்குப் போடாமல், வாங்கிய ஷோரூமிலேயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.