உப்புக்கறையும் மொசைக் தரையும் ஒரே பொருள்

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் குளியலறை வாசலிலும் துணி துவைக்கும் இடத்திலும் வெள்ளையாக ஒரு படலம் பிடிக்கும். உப்புக்கறை என்கிறோம். ஆனால் அதில் பெரும்பகுதி சமையல் உப்பு அல்ல. தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்புச் சத்து, நீர் வற்றியதும் கால்சியம் கார்பனேட்டாகத் தரையில் தங்கிவிடுகிறது. தெருவில் வரும் ஆசிட்டை வாங்கி ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு பொங்கி வெளியேறுவதுதான் அந்த நுரை. இதுவரை எல்லாம் சரி. ஆனால் மொசைக் தரையில் பதிந்திருக்கும் சில்லுகள் பெரும்பாலும் மார்பிள். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கும் சிமென்ட்டும் அமிலத்தில் கரையக்கூடியது. ஆகவே நுரை வரும்போது கறை மட்டும் போவதில்லை, தரையும் சேர்ந்து போகிறது. நம் வீட்டுத் தரைகள் கறையால் கெடுவதைவிட, கறை எடுக்கும் முறையால்தான் அதிகம் கெடுகின்றன என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

காலங்காலமாக ஆசிட் ஊற்றித்தானே கழுவுகிறோம், தரை என்ன உருகியா போயிற்று என்று கேட்கலாம். உருகவில்லைதான். ஆனால் பாலிஷ் போய்விட்டது. கண்ணாடிபோல் இருந்த மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. அடுத்து வரும் அழுக்கும் எண்ணெயும் அந்தக் குழிகளில்தான் உட்காருகின்றன. முன்பு ஈரத்துணியில் போன அழுக்கு இப்போது தேய்த்தாலும் போவதில்லை. தரை பழசாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றுகிறோம், குழிகள் இன்னும் ஆழமாகின்றன. ஆசிட் இல்லாமல் இந்தத் தரை சுத்தமாகாது என்ற நிலையை உண்டாக்கியதே ஆசிட்தான். ரெட் ஆக்சைடு தரையில் இது இன்னும் கொடுமை. அந்தச் சிவப்பே சிமென்ட்டில் கலந்த இரும்பு ஆக்சைடு. துருவைக் கரைக்கும் அமிலம் அந்த நிறத்தையும் கரைக்கும். ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்டில் நிறம் கலந்து கையால் வார்க்கப்படுவது. அதன்மேல் அமிலம் படவே கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம் தண்ணீரைக்கூட உறிஞ்சாது, அதற்கு ஆபத்தில்லை என்பார்கள். டைல்ஸுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே அடைத்திருக்கும் ஒயிட் சிமென்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆசிட் கழுவலுக்குப் பிறகு இடுக்குகள் பள்ளமாகி, கறுத்து, அதன் வழியே தண்ணீர் அடியில் இறங்குவது இதனால்தான்.

ஆசிட் வேண்டாம், இயற்கையான எலுமிச்சையோ புளியோ வினிகரோ போதும் என்கிற யோசனை இப்போது பரவலாக இருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளிப்பு, மார்பிளில் பட்டால் மங்கலான தடம் விழும். எலுமிச்சைச் சாறு சொட்டி அப்படியே விட்ட இடத்தை வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தெரியும். அது கறையே அல்ல, அரிப்பு. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டுவதும் இப்படியொரு நம்பிக்கைதான். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்துவிட்டு, பெரும்பாலும் உப்புத் தண்ணீராக மிஞ்சுகின்றன. தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டுக்கும் வேலை உண்டு.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? கேட்க வேண்டியவை இரண்டு: விழுந்தது என்ன, அது விழுந்த இடம் என்ன. மருந்தின் வீரியம் அதற்குப் பிறகுதான். ரத்தமும் பாலும் முட்டையும் புரதம். வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே பச்சைத் தண்ணீர்தான். எண்ணெய்க்கு நேர்மாறு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வேண்டும். பூஜையறை விளக்கடியில் பிசுபிசுப்பாகப் படிந்திருப்பது வெறும் எண்ணெய் அல்ல. நாள்பட்ட எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து பிசின்போல இறுகிவிடுகிறது. அதற்குச் சாதாரண சோப்பு போதாது, சலவைச் சோடாக் கரைசலைச் சற்றுநேரம் ஊறவிட வேண்டும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாகி, கறை கூடிவிட்டதோ என்ற பயம் வரும். பயப்படத் தேவையில்லை. காரம் பட்டால் மஞ்சளின் குர்குமின் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் நடப்பதுதான் இது. நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். குர்குமின் வெயில் தாங்காத நிறமி என்பதால், துவைத்த ஜமுக்காளத்தை ஈரத்தோடு வெயிலில் போட்டாலே பெரும்பகுதி வெளுத்துவிடும். தொழிற்சாலையில் செய்த எந்த மருந்தையும்விட இந்த ஒரு கறைக்கு நம் ஊர் வெயில் மேல்.

தரைவிரிப்பில் வேறு வகைத் தவறு நடக்கிறது. அங்கே எதிரி அமிலம் அல்ல, நம் கையின் வேகம். காபி கொட்டியதும் துணியை எடுத்துப் பரபரவென்று தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்கக் கறை பக்கவாட்டில் பரவுகிறது, கீழேயும் இறங்குகிறது, இழையின் முறுக்கும் பிரிகிறது. வெள்ளைத் துணியை வைத்து ஒற்ற வேண்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. சிறிது தண்ணீர் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். அதிகம் தண்ணீர் விட்டால் வேறொரு சிக்கல். கறை அடிவரை இறங்கி, மேற்பரப்பு காயும்போது இழை வழியே மேலே ஏறி வரும். நேற்று போன கறை இன்று திரும்ப வந்திருக்கிறது என்று பலர் வியப்பது இதைத்தான். ஒற்றி முடித்தபின் உலர்ந்த துணியை மடித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விட்டால், ஏறி வரும் ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். சோப்பை முழுவதும் அலசி எடுக்காவிட்டாலும் தொல்லைதான். மிஞ்சிய சோப்புப் பசை தூசியைப் பிடித்து, அந்த இடம் மட்டும் சீக்கிரம் கறுக்கும். கம்பளி விரிப்பாக இருந்தால் பிளீச்சை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. கம்பளி புரதம் என்பதால் பிளீச் அதைக் கரைத்தே விடும். ரத்தக்கறைக்கு உதவும் என்சைம் கலந்த சலவைத்தூளும் அதே காரணத்தால் கம்பளிக்கு ஆகாது. குழந்தையோ நாயோ சிறுநீர் கழித்த இடத்துக்கு அந்த வகை நொதிகள் சேர்ந்த திரவம் நல்லது, ஆனால் பருத்தி, செயற்கை இழை விரிப்புகளில் மட்டும். எதுவானாலும் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே நடுவில் கை வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. வேலைக்குப் போய்வரும் பெண் தலையில்தான் இந்த வேலையும் பெரும்பாலும் விழுகிறது. ஆனால் நேரக் கணக்கு ஆசிட்டுக்குச் சாதகமாக இல்லை. விழுந்த உடனே ஒற்றி எடுக்க ஆகும் இரண்டு நிமிடம், காய்ந்த பிறகு அரை மணி நேர வேலையாகிறது. தினமும் துடைப்பதற்கு முன் நன்றாகப் பெருக்குவதும் அப்படியே. செருப்போடு வரும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7, மார்பிளில் உள்ள கால்சைட்டுக்கு 3. மணலோடு சேர்த்து மாப் போட்டால் தரையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாகிவிடும். வாசலில் முரட்டுக் கயிற்று மிதியடி ஒன்று போடுவது எந்தத் திரவத்தையும்விட மொசைக்கின் ஆயுளைக் கூட்டும்.

நேரத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆசிட் விற்கும் அதே ட்ரைசைக்கிளில் பிளீச்சிங் பவுடரும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் வெளுக்கும் என்ற எண்ணம் உயிருக்கு ஆபத்தானது. இரண்டும் கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது இந்த வாயுதான். ஜன்னல் இல்லாத குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்ப்பவர் நுரையீரலுக்கு அது நேராகப் போகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. கையுறையும் தருவதில்லை, எதை எதோடு கலக்கக் கூடாது என்றும் சொல்வதில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வாங்குபவரின் அடையாளத்தையும் முகவரியையும் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. பெண்கள்மீது ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு அது. தெருவில் பழைய குளிர்பான பாட்டிலில், பெயர்ச்சீட்டு இல்லாமல் ஆசிட் கைமாறும் வரை அந்த உத்தரவும் வீட்டுக்குள் வந்து சேரவில்லை, எச்சரிக்கையும் வந்து சேரவில்லை.

அமிலத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெருகிட்ட பீங்கான் கழிப்பறைக் கோப்பையில் பிடித்த உப்பை அமிலம் இல்லாமல் எடுப்பது கடினம், கோப்பைக்கும் அதனால் கேடில்லை. சுவர் டைல்ஸில் படிந்த உப்புக்குச் சிட்ரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தடவலாம். அதற்கு முன் இடுக்குகளைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால் சிமென்ட் அமிலத்தைக் குறைவாகவே உறிஞ்சும். சில நிமிடங்களில் தாராளமாக அலசிவிட வேண்டும். மொசைக்கிலோ மார்பிளிலோ எண்ணெய் இறங்கி நிழல்போல நிற்கும் இடத்துக்கு வழி வேறு. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை அங்குலத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டுக் காயவிட்டால், காயும் பசை கல்லுக்குள் இருக்கும் எண்ணெயை மேலே இழுக்கும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை அப்ப வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஆசிட் தின்ற தரைக்கு மட்டும் எந்தப் பசையும் உதவாது. மெஷின் வைத்து, முரடிலிருந்து நைஸ் வரை கல் மாற்றி மாற்றித் தேய்த்துப் பாலிஷ் போடுவது ஒன்றே வழி. மொசைக் டைல்ஸில் சில்லுகள் இருப்பது மேல்பகுதியில் சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான், ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது.