வடிகட்டியில் சிக்கிய அறிக்கை

படுவான்கரைக் கிராமமொன்றின் மீனவர் சங்கம் தன் ஆண்டறிக்கையை மட்டக்களப்பு நகரிலுள்ள காரியாலயத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வாவிப் பாலம் கடந்து பஸ்ஸில் போய்வரும் செலவும் பொழுதும் மிச்சம். ஆனால் அறிக்கை போய்ச் சேரவில்லை. காரியாலயத்தின் மின்னஞ்சல் வடிகட்டி அதை வைரஸ் என்று எண்ணி நிறுத்திவிட்டது.

வடிகட்டிக்கு அறிக்கையின் பொருள் புரியாது. கோப்பின் பெயர், வகை, உள்ளே இயங்கக்கூடிய நிரல் உண்டா, அனுப்பிய முகவரி மெய்யானதா என்று அடையாளங்களைத்தான் அது பார்க்கிறது. அவை பட்டுத் தெளிந்த பாடங்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸின் கோப்புப் பெயரில் முதலில் 'டிஎக்ஸ்டி', கடைசியில் 'விபிஎஸ்' என இரண்டு பின்னொட்டுகள் இருந்தன. விண்டோஸ் கடைசிப் பின்னொட்டை மறைத்ததால், வெறும் எழுத்துக் கோப்பென நம்பிப் பலர் திறந்தார்கள். பெயருக்குள் புள்ளிகள் கூடினால் சில வடிகட்டிகள் சந்தேகப்படுவது இப்படிப்பட்ட அனுபவத்தால்தான். நாமோ 'அறிக்கை.12.05.2024.பிடிஎஃப்' என்று திகதியைப் புள்ளி வைத்தே எழுதிப் பழகியவர்கள். இடையிலுள்ள புள்ளிகளைச் சிறுகோடாக மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு வேறொரு தொல்லை. எட்டு எழுத்துள்ள 'மட்டக்களப்பு', யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். மின்னஞ்சல் தலைப்பில் சதவீதக் குறிகளோடு எழுதினால் 108 குறிகளாக நீளும். இதை அவிழ்க்கத் தெரியாத பழைய மென்பொருளுக்குக் கோப்பின் வகையே விளங்காது. அவசரத்துக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கலாம். ஆனாலும் திருந்தவேண்டியது மென்பொருள்தான்.

கோப்பு திரும்பி வந்தால் பலரும் அதை ஸிப் ஆக்கிக் கடவுச்சொல் போடுகிறார்கள். உள்ளே பார்க்க முடியாத கோப்பை வடிகட்டி இன்னும் கடுமையாகத் தடுக்கும். முதலில் திரும்பி வந்த அறிவிப்பை வாசியுங்கள். அதில் 5.3.4 என்ற குறியீடு இருந்தால் கோப்பு பெரிது. மின்னஞ்சலுக்காக மாற்றும்போது கோப்பு மூன்றிலொரு பங்கு பருக்கும். 25 எம்பி எல்லைக்குள் 20 எம்பி கோப்பு அடங்காது. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு விதி தடுத்திருக்கிறது. மேக்ரோ எனப்படும் இயங்கு நிரல் உள்ள வேர்ட் கோப்பானால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அறிவிப்பே வராவிட்டால், அறிக்கை பெறுநரின் சேவையகத்தில் தனியே ஒதுக்கப்பட்டுக் கிடக்கலாம். அனுப்பிய நேரத்தையும் முகவரியையும் சொன்னால் அங்குள்ள நிர்வாகி தேடி விடுவிக்கலாம். தவறாகப் பிடித்த அந்த ஒரு விதியை அவர் திருத்தினால் போதும், வடிகட்டியையே அணைக்கத் தேவையில்லை. இறுதித் திகதி உள்ள விண்ணப்பங்களுக்கு, சேவையகப் பதிவில் உள்ள நேரத்தையே கிடைத்த நேரமாகக் காரியாலயங்கள் ஏற்கவேண்டும்.