ஒரு சந்தாவும் ஒரு பழைய பூட்டும்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளை பரீட்சை எழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மற்ற நாட்களில் என்ன வாசிக்கக் கொடுப்பது என்பதுதான் பெற்றோரின் தலைவலி. என்னைக் கேட்டால் முதல் சந்தா 'துளிர்' இதழுக்கு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய மாத இதழ். பாடத்திட்டத்துக்குக் கட்டுப்படாதது அதன் பெரிய வசதி. இந்தி தெரிந்த வீடு என்றால் போபாலின் ஏகலவ்யா 1985 முதல் நடத்தும் 'சக்மக்' இதழையும் சேர்க்கலாம். குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தரும் அர்விந்த் குப்தாவின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் திண்டுக்கல்லில் இருப்பவர்கள் காகிதத்தோடு நின்றுவிடுவது அநியாயம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல பூட்டுகளில் '6 லீவர்', '7 லீவர்' என்று பொறித்திருப்பார்களே, அந்த எண்ணிக்கையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

லீவர் என்பது மெல்லிய தகடு. ஒரு முனை ஆணியில் கோத்திருக்கும். ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். இப்படிப் பல தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் வெட்டு. நகரும் தாழ்க்கட்டையில் நிற்கும் சிறு முளை இந்த வாசல்கள் வழியே போனால்தான் பூட்டு திறக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்கும். எல்லா வாசலும் ஒரே கோட்டில் வரும். ஒரே ஒரு தகடு குறைவாக எழும்பினாலும் முளை முட்டி நிற்கும். கூடுதலாக எழும்பினாலும் அதே கதிதான். இந்த இரண்டாவது தடைதான் கெட்டிக்காரத்தனம். ராபர்ட் பாரன் 1778-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1818-இல் ஜெரமையா சப் இன்னும் ஒருபடி போனார். கள்ளச்சாவி ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். யாரோ கைவைத்தது சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். சப்பின் அந்தப் பூட்டையும் 1851-இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். பூட்டுக்காரர்களுக்கு இருந்த மிதப்பு அன்றோடு போயிற்று!

பழைய இரும்புக் கடையில் சாவியோடு ஒரு பூட்டு வாங்கி, ரிவிட்டைப் பெரியவர் ஒருவர் கழற்றிக் கொடுக்கட்டும். தகடுகளை எண்ணி, அடுக்கிய வரிசையிலேயே தாளில் வைத்து வரையச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தெறிக்கும், கண் பத்திரம். வரைந்து முடித்ததும் சாவியைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பல் எந்தத் தகட்டுக்கு என்று கோடு இழுக்கட்டும்.